முதலில் வரைந்த கை

சென்ற மாதம் நிரோஷா என்றொரு பெண் என்னைத் தேடி மாத்தளைக்கு வந்தாள். நான் வேலை செய்த அதே தொல்பொருள் திணைக்களத்தில் இப்போது வரைஞராகச் சேர்ந்திருக்கிறாள். எங்கள் காலத்தில் தூரிகை செய்த வேலையில் பாதியைக் கமெராவும் கம்ப்யூட்டரும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் ஒரு பழைய விகாரையின் சுவர் ஓவியத்தைப் பார்த்துக் கையாலேயே பிரதி எடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார்களாம். சந்தோஷத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பாதித் தேநீர் குடிக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சேர், எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்ல. எப்படியோ எல்லாரையும் ஏமாத்திட்டேன்னு தோணுது. ஒரு நாளைக்குக் கண்டுபிடிச்சிடுவாங்க. நீங்க ஓவியர்தான்னு உங்களுக்கு எப்ப சேர் நம்பிக்கை வந்துச்சு?"

"இன்னும் வரல்ல மகள்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. ஆனால் அவளிடம் அன்று விளக்கமாகச் சொல்லவும் முடியவில்லை. வயதான பிறகு வாயால் சொன்னால் கதை எங்கெங்கோ போய்விடுகிறது. "எழுதித் தாரேன்" என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது.

நான் ஓவியம் படித்தவன் அல்ல. மாத்தளை கொங்காவளையில் வாப்பாவுக்கு ஒரு சின்னப் புடவைக்கடை இருந்தது. கடையைத் தம்பி பார்த்துக்கொள்ள, நான் அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டு ட்ரேசராகச் சேர்ந்தேன். ட்ரேசர் என்றால் வேறொருவர் வரைந்த படத்தின் மேல் மெல்லிய மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே கறுப்பு மையால் கோடு இழுப்பவன். குளக்கட்டு, தாதுகோபம், இடிந்த மதில் என்று எத்தனையோ வரைபடங்களின் மேல் குனிந்திருந்து சில வருடங்கள் போயின. அந்த வேலையில் நம்முடைய கை இருப்பதே தெரியக் கூடாது. தெரிந்தால் அது பிழை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிந்துகொள்ள வசதியான வேலை.

எங்கள் கிளை அலுவலகம் மாத்தளை நகரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. தலைமை வரைஞர் சதாசிவம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியே இருந்தார். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு, மடிப்புக் கலையாத கால்சட்டை. சிங்களப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு கிடையாது என்று சட்டம் வந்திருந்த காலம் அது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல், மதியச் சாப்பாட்டை முடித்ததும் அவர் முதலாம் வகுப்புச் சிங்களப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை அசைப்பார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம்.

அவர் யாரையும் பாராட்டியதில்லை. வேலையைக் கொண்டுபோய் மேசையில் விரித்தால் எழுந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். முதலில் ஓரங்களைப் பார்ப்பார். பிறகு மூலைகளை. கடைசியாகத்தான் நடுவுக்கு வருவார். பிழை இருந்தால் நிறையப் பேசுவார், அதுவும் மிக அன்பாக. பிழை இல்லையென்றால் "சரி, வையும்" என்ற இரண்டு சொல்தான். நான் அந்த இரண்டு சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், இந்தமுறையும் இவர் கண்ணில் படாமல் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் என்னை அழைத்தார்.

"ஹமீது, உமக்கு உயரமெண்டால் பயமோ?"

"இல்ல ஐயா."

"அப்ப நாளைக்குச் சீகிரியாவுக்குப் போம். அங்க குகைப் படங்களைப் பிரதி பண்ண வந்த ஓவியர் தலைச்சுத்தெண்டு இறங்கிப்போட்டார். அவருக்குச் சுகமாகும் மட்டும் நீர் வேலையைத் துவங்கிவையும். தற்காலிகம்தான்."

"ஐயா, நான் ட்ரேசர். எனக்கு வர்ணம் தீட்டத் தெரியாது."

"தெரியும். நீர் மத்தியானத்தில கணக்குத் தாள்களில கீறி எறியிறதை நான் குப்பைக் கூடையில பாத்திருக்கிறன்" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

அந்த ஓவியரின் பெயர் திலகரத்ன. கொழும்பில் ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே கற்பித்தவர். அவருடைய படங்கள் பத்திரிகையில் வந்திருந்தன. அவர் விட்டுப்போன நாற்காலியில், அவர் விட்டுப்போன தூரிகைகளோடு, நான் போய் உட்கார்ந்தேன். தூரிகைகள் கழுவி, துடைத்து, அளவு வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வேறொரு மனிதனின் இடத்தில் இருக்கிறேன் என்று.

பாறையின் நடு உயரத்தில், மேற்குப் பார்த்த ஒரு குழிவுக்குள் அந்த ஓவியங்கள் இருக்கின்றன. சுழன்று ஏறும் இரும்புப் படியில்தான் போக வேண்டும். கால் வைக்கும் தகட்டுக்குக் கீழே காடு தெரியும். பாறையில் பெரிய குளவிக் கூடுகள் இருந்ததால் சத்தமாகப் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வாசனை எண்ணெய் பூசக் கூடாது. ஜும்ஆவுக்கு அத்தர் பூசிக்கொண்டு போன சட்டையைப் பிறகு அங்கே போடவே முடியாது.

ஓவியத்தைத் தொடக் கூடாது என்பது முதல் விதி. எனவே ட்ரேஸ் பண்ணும் பேச்சே இல்லை. ஒரு மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, அதை ஓவியத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்துவோம். தாளிலும் அதேபோல் கட்டங்கள் போட்டிருக்கும். தலையை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, ஒரு கட்டத்துக்குள் தெரிவதைத் தாளின் அதே கட்டத்துக்குள் வரைய வேண்டும். வர்ணத்துக்கு வேறு முறை. சிவப்புக் காவி, மஞ்சட் காவி, பச்சை மண், கறுப்பு. இவற்றைக் குழைத்துச் சின்னத் தாள் துண்டுகளில் தடவி, காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தில் ஒத்துப்போகும் நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும். காய்ந்த துண்டை ஓவியத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒத்துவந்தால்தான் தாளில் வைக்கலாம். வெயில் நேரே விழாத காலையில் வர்ண வேலை. வெயில் சாய்ந்து உள்ளே வரும் பிற்பகலில் கோட்டு வேலை.

ஒரு கன்னத்தின் நிறத்தைப் பிடிக்க எனக்கு ஒரு கிழமைக்கு மேல் போயிருக்கிறது.

முடிந்த தாள்களைச் சதாசிவம் ஐயாவிடம் கொண்டுபோவேன். கைகளைப் பின்னால் கட்டுவார். ஓரம், மூலை, நடு. "சரி, வையும்." ஒருதடவை மட்டும் கீழ் மூலையைக் குனிந்து பார்த்தார். வரைந்தவர் பெயரை எழுத வேண்டிய இடம் அது.

"என்ன இது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கிறீர்? பேரைத் தெரியிற மாதிரி எழுதும். பிழை வந்தால் ஆரைப் பிடிக்கிறது?"

பெயரைப் பெரிதாக எழுதுவதற்குத்தான் எனக்குப் பயம். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பின்னால் நின்று "ஆட்டிஸ்ட், ஆட்டிஸ்ட்" என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுப்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் கழுத்து வியர்த்துவிடும். இவர்கள் பாராட்டுவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன் வாழ்ந்த யாரோ ஒருவரை. நான் அவருடைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இருக்கும். வீட்டில் உம்மாவிடமும் முழுதாகச் சொல்லவில்லை. "பழைய காலத்து ராணிமாரை வரையிறேன்" என்றுதான் சொல்லியிருந்தேன்.

"உடுப்பு ஒழுங்கா உடுத்தியிருக்காங்களா?" என்று உம்மா கேட்டார்.

"கழுத்து நிறைய மாலை போட்டிருக்காங்க உம்மா" என்று சொல்லித் தப்பினேன்.

தற்காலிகம் என்று சொன்னது இரண்டாம் வருடத்துக்குள் போனது. திலகரத்ன திரும்பி வரவில்லை. இதற்கிடையில் எனக்கு ஸபியாவோடு கலியாணம் நடந்தது. ஸபியா வீட்டிலிருந்தே பெண்களுக்குச் சட்டை, பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். நான் கிழமைநாட்களில் சீகிரியாவில் திணைக்களத்தின் சின்ன பங்களாவில் தங்கி, வியாழன் பின்னேரம் பஸ் ஏறி மாத்தளைக்கு வந்து, வெள்ளி அலுவலகத்துக்குப் போய், ஞாயிறு திரும்பிப் போவேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஓவியர் பதவியை நிரந்தரமாக்கப் போகிறார்கள். கொழும்பிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்து என் வேலையைப் பார்ப்பார். அபிப்பிராயம் சொல்ல அவர் கூடவே ஓவியக் கல்லூரியிலிருந்து ஒரு நிபுணரும் வருவார். நிபுணர் யாரென்று சதாசிவம் ஐயாவிடம் கேட்டேன். திலகரத்ன.

இவ்வளவு காலமும் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஓவியம் தெரியாதவர்கள். தெரிந்த ஒருவர், அதுவும் அந்த நாற்காலியின் சொந்தக்காரர், இப்போது வரப்போகிறார். என்னைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

அவர்கள் வரும்போது காட்ட வேண்டிய தாள், பூ ஏந்திய ஒரு பெண்ணின் படம். முகம் முடிந்தது, மாலைகள் முடிந்தன, இடது கை முடிந்தது. பூவின் காம்பைப் பிடித்திருக்கும் வலது கைக்கு வந்தேன். ஒரு பிற்பகலில் வெயில் சாய்ந்து உள்ளே நுழைந்தபோது அந்தக் கைக்குக் கீழே வேறொரு கை தெரிந்தது. மிக மெலிதாக. விரல்கள் வேறு விதமாக மடங்கியிருந்தன. கண் களைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாளும் அதே வெயிலில் அதே கை. அந்தக் காலத்து ஓவியர் முதலில் ஒரு கையை வரைந்திருக்கிறார். பிடிக்கவில்லை. உடம்பின் நிறத்தை அதன் மேல் பூசி மறைத்துவிட்டு, சற்று மேலே வேறு கை வரைந்திருக்கிறார். காலப்போக்கில் மேற்பூச்சு தேய்ந்து அடியில் இருந்த கை வெளியே வந்துவிட்டது.

தாளில் அதை எப்படிப் போட்டாலும் சரிவரவில்லை. கொஞ்சம் அழுத்தினால் பெண்ணுக்கு மூன்று கை இருப்பது போல் ஆயிற்று. கொஞ்சம் குறைத்தால் நான் சரியாக அழிக்காமல் விட்ட கோடு போல் ஆயிற்று. யார் பார்த்தாலும், ட்ரேசருக்குக் கை வரைய வரவில்லை என்றுதான் சொல்வார்கள். போடாமல் விட்டால் படம் அழகாக இருக்கும். ஆனால் அங்கே இருப்பதை வரைவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் தாளைக் கிழித்துப் புதிதாகத் தொடங்கினேன். மறுபடியும் கைக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

அந்தக் கிழமை வீட்டுக்குப் போனபோது ஸபியாவிடம் சொன்னேன்.

"ஐயாகிட்டச் சொல்லி பழைய வேலைக்கே போயிடப் போறேன். இது எனக்கு ஏலாது. அந்த மனுஷர் வந்து எல்லார் முன்னுக்கும் சொல்றதுக்கு முன்ன நானே சொல்லிட்டா மரியாத மிஞ்சும்."

அவள் மெஷினில் இருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு தையலை முடித்து நூலைக் கடித்தாள்.

"விடுறதுன்னா விடுங்க. ஆனா நான் இன்னும் ஒரு நாளாவது அதப் பாக்கல்ல. ரெண்டு வருஷமா அந்த ராணிமார்தான் உங்களப் பிடிச்சு வச்சிருக்காங்க. எனக்கும் காட்டிட்டுப் பொறகு விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தம்புள்ளையைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறி, இனாமலுவயில் இறங்கி, சீகிரியாவுக்கு வேறு பஸ் பிடித்துப் போனோம். சுழற்படியில் அவள் என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி ஏறினாள். ஓதிக்கொண்டே வந்தது எனக்குக் கேட்டது. மேலே போய்க் கண்ணைத் திறந்தவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

பிறகு மெதுவாக, "உம்மாகிட்ட நீங்க சொன்னது பொய் இல்ல. மாலை மட்டும் நிறைய இருக்கு" என்றாள்.

வெயில் உள்ளே வந்தது. நான் அந்தப் பெண்ணின் வலது கையைச் சுட்டிக் காட்டினேன். ஸபியா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போனாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். முக்காட்டின் ஓரத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். குளவிக்குப் பயந்து, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

"என்ன?" என்றேன்.

"இந்த மனுஷரும் உங்களப் போலத்தான்! கைய வரைஞ்சு, சரியில்லன்னு மூடிட்டு, திரும்ப வரைஞ்சிருக்கார். நான் சட்டைக் கழுத்து வெட்டுறதுக்கு முன்ன சோக்கால கோடு போட்டு அழிச்சுத் திரும்பப் போடுவேனே, அதே மாதிரி. பாவம். யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சிருப்பார்."

பாவம் என்று அவள் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதுவரை அந்த ஓவியரை ஒரு மனிதராக நான் நினைத்ததே இல்லை. மூங்கில் சாரத்தின் மேல் குந்தியிருந்து, வியர்த்து, கழுத்து வலித்து, தன் கையில் வந்த கையைப் பார்த்து முகம் சுளித்த ஒருவர். கீழே இருந்து மேற்பார்வைக்காரன் கூப்பிட்டிருப்பான். அவர் அவசரமாக மேலே நிறத்தைப் பூசியிருப்பார்.

நான் அன்று வேலையை விடுவதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அந்த இரண்டு கைகளோடு இருந்தேன். பயம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தது நான் மட்டும் இல்லை என்று தெரிந்திருந்தது. முதலில் வரைந்த கையை, வெயிலில் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு மட்டும், தண்ணீர் அதிகமாகக் கலந்த காவியால் போட்டேன். கீழே என் பெயரைத் தெரியும்படி எழுதினேன்.

அவர்கள் வந்த நாளில் தாளைச் சீகிரியா பங்களாவின் முன்னறையில் பலகையில் குத்தி வைத்திருந்தோம். மேலதிகாரி உயரமான சிங்களவர், நல்ல மனிதர், அவசரக்காரர். திலகரத்ன மெலிந்த, நரைக்கத் தொடங்கிய ஆள். கைக்குட்டையை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலதிகாரி தாளுக்குக் கிட்டப் போய்க் கையைச் சுட்டினார். "இது என்ன? பிழை வந்து அழித்த இடமா?"

நான் பதிலைச் சிங்களத்தில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சதாசிவம் ஐயா கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். மேலதிகாரிகளோடு அவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று முதல் தடவையாக, பரீட்சைக்குப் படித்த சிங்களத்தில் பேசினார். "இவர் இல்லாததை வரைய மாட்டார்" என்று சொல்ல நினைத்திருக்கிறார். வேற்றுமை உருபெல்லாம் இடம் மாறி, "இல்லாதது இவருக்கு வரையாது" என்பது போல வந்தது. அவர் காது சிவந்துவிட்டது. ஆனால் தலையைக் குனியவில்லை.

மேலதிகாரி சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நான் நன்றி சொல்லுவேன். திலகரத்ன, "நீங்கள் போய்த் தேநீர் குடியுங்கள். நான் இதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்றார். அறையில் அவரும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

அவர் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"முதல் கையையும் வரைந்திருக்கிறீர்கள்."

"அது அங்கே இருக்கிறது சேர்."

"இருக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்றார். கைக்குட்டையை மறுபடி மடித்தார். "எனக்குத் தலைச்சுற்று என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள்."

"ஓம் சேர்."

"தலைச்சுற்று இல்லை. அப்படி அவர்கள் சொன்னார்கள், நானும் ஓம் என்று இருந்துவிட்டேன். ஒரு பின்னேரம் இந்தக் கையைக் கண்டேன் ஹமீது. இவ்வளவு பெரிய ஓவியருக்கே ஒரு கை சரியாக வரவில்லை என்றால் நான் யார் இங்கே வந்து உட்கார என்று நினைத்தேன். மாணவர்களுக்குக் கை வரையக் கற்றுக்கொடுப்பவன் நான். தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அதன் பிறகு என் சொந்தப் படம் ஒன்றுகூட முடிக்கவில்லை."

நான் பயந்துகொண்டிருந்த மனிதர் இவர். இவருடைய நாற்காலியில் உட்காரத் தகுதியில்லை என்றுதான் இத்தனை காலம் வியர்த்தேன். இவரோ அதே நாற்காலிக்குப் பயந்து எழுந்து போயிருக்கிறார். அதே கைதான் இரண்டு பேரையும் பிடித்தது. நான் அதைக் கண்டபோது என் பக்கத்தில் நின்று சிரிக்க ஒருத்தி இருந்தாள். அவர் அங்கே தனியாக இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். திறமையில் இல்லை. திறமை அவரிடம்தான் கூட இருந்தது. பிறகு என் கண்ணாலேயே பார்த்தேன்.

தேநீருக்குப் பிறகு மேலதிகாரி அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டார். "இந்த வேலைக்கு இவர்தான்" என்றார் திலகரத்ன. சில மாதங்களில் பதவி நிரந்தரமானது. உம்மா அயலுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்தார். எனக்கு அதைச் சாப்பிடும்போதும் அந்தக் கைக்குட்டைதான் கண்ணில் நின்றது.

ஸபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவரையும் மேல கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். "தனியா விட்டாத்தானே பயம்."

"அவர் பெரிய ஆள் ஸபியா. நான் போய் எப்படிக் கேக்குறது?"

"பெரிய ஆளுக்குக் கூட யாராவது வேணும்தானே."

அடுத்த வெள்ளிக்கிழமை சதாசிவம் ஐயாவிடம் போனேன். மிச்சப் படங்களுக்கு இரண்டு பேர் தேவை, திலகரத்ன சேரைக் கேட்டால் நல்லது என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கல்லூரி விடுமுறையில வரட்டும். நான் கொழும்புக்கு எழுதுறன்" என்றார்.

விடுமுறை தொடங்கிய மறுநாளே திலகரத்ன வந்தார். காலையில் இருவரும் சுழற்படி ஏறினோம். பாதி வழியில் நின்றார். உயரத்துக்குப் பயந்து நின்றவர் இல்லை. நான் அவருக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஏறினார்.

அதுவரை யாரும் பிரதி எடுக்காத ஒரு முகத்துக்கு முன்னால் சட்டத்தை நிறுத்திக் கொடுத்தேன். தாளைக் குத்தினேன். காவியைக் குழைத்து வைத்தேன். நான் மறுபக்கம் போய் என் வேலையைத் தொடங்க எழுந்தபோது, "போக வேண்டாம்" என்றார். "இங்கேயே இருங்கள். ஆனால் பார்க்க வேண்டாம்."

நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்கவில்லை. தூரிகை தண்ணீரில் விழும் சத்தம் கேட்கவில்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. என் முதல் நாளில் எனக்கு இருந்ததைவிட அன்று எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனது. கீழே குளத்தங்கரையில் யாரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு, வெகுநேரத்துக்குப் பிறகு, பின்னால் மெல்லிய உரசல் கேட்டது. நின்றது. மீண்டும் கேட்டது. அதன் பிறகு நிற்கவில்லை.

மதியம் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கும் நேரத்துக்குத்தான் அவர் பேசினார். குரல் கரகரத்திருந்தது.

"ஒரு கண் முடிந்தது."

நான் தலையைத் திருப்பப்போனேன்.

"இன்னும் வேண்டாம்" என்றார் அவசரமாக. "நாளைக்கு மற்றக் கண்ணும் வரட்டும்."

நான் திரும்பவில்லை. ஸபியா கட்டித் தந்த பார்சலில் இருந்த இரண்டு மீன் துண்டில் பெரியதை அவருடைய இலையில் வைத்து, கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தேன். காவி படிந்த விரல்கள் வந்து அதை வாங்கிக்கொண்டன.